ரொம்மனிலிருந்து வந்த சிக்னல்

— மாமா, திருப்பியும் கேக்கிறன். பின்லாந்துக்கு எப்ப போனனீங்கள்?

— மே பதினேழாந் திகதி இங்கை கொடி ஊர்வலம் முடிஞ்ச கையோடை. அஞ்சு நாள் லீவு. என்ன, எம்மா பிள்ளை, பொலிஸ்காரி மாதிரி விசாரணை?

— சைமா ஏரிக்கோ?

— ஏரியிலை பேரே எழுதிக் கிடக்கு?

— அந்த ஏரியிலை இருக்கிறது கடலிலை இல்லாமல் நல்லதண்ணியிலை சீவிக்கிற சீல், ஒரு வகைக் கடல்நாய், மாமா. ஐநூறுக்குள்ளைதான் மிச்சம். அதிலை ஒண்டின்ரை முதுகிலை எங்கட ஆராய்ச்சி ஆக்கள் ஒட்டின பெட்டி நேற்று சிக்னல் அனுப்பியிருக்கு. ஏரியிலையிருந்து இல்லை, இங்கை ரொம்மனிலையிருந்து. உங்கட பல்கனியிலையிருந்து.

— ஓ, அந்தச் சாமானோ. இந்தா, பிடி. மாதா சாட்சியாய்க் கல்லுக்கு மேலை கிடந்ததைத்தான் எடுத்தனான். மேயிலை சீலின்ரை மயிர் உதிரும், அதோடை பெட்டியும் விழும் எண்டு நீதானே சொன்னனீ.

— கழண்டு விழுந்தால் அடியிலை இப்பிடிக் கத்தி வெட்டு இராது.

— மீன் வெட்டேக்கை பட்டிருக்கும்.

— அது சுழியோடினதெல்லாம் பெட்டிக்குள்ளை பதிஞ்சு, சிக்னலோடை எனக்கு வந்திருக்கு. மேயிலை பகல் முழுக்கக் கல்லிலை வெயில் காயும். இரவிலைதான் இரைக்குப் போகும். ஏழெட்டு நிமிசத்திலை மூச்செடுக்க மேலை வரும். பத்தொன்பதாந் திகதி ஆறு மீற்றரிலை நாலு மணித்தியாலம், அசைவே இல்லை.

— நித்திரை கொண்டிருக்கும்.

— பேசாலைக் கடற்கரையிலை வலையோடை வளந்த வின்சென்ற் மாமா சொல்லுற கதையே இது?

— விடன் பிள்ளை.

— சொல்லுங்கோ.

— விடியப்புறம் இழுக்கேக்கை வலை பாரம். பெரிய மீனாக்குமெண்டு நினைச்சன். முகத்தைப் பாத்தாப்பிறகுதான் சீல் எண்டு தெரிஞ்சுது, உயிர் இல்லை. உன்ரை சாமான் எண்டு பெட்டியை வெட்டி எடுத்துப்போட்டு, சீலுக்குக் கல்லுக் கட்டித் தண்ணிக்கை விட்டிட்டன்.

— மாதாவையும் சாட்சிக்கு இழுத்தியள்.

— பயத்திலை பிள்ளை.

— திங்கக்கிழமை றப்போர்ட் குடுக்கோணும். அம்மான்ரை தம்பி எண்டு பாக்கமாட்டன், உங்கட பேரும் அதிலை போகும். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. அவ்வளவு பெரிய ஏரி, எத்தினையோ தீவு. மேயிலை வலையே விடக்கூடாத அந்த மூலையை ஆர் உங்களுக்குக் காட்டினது?

— இந்தா, இந்தக் கடதாசியைப் பார். உயிர்த்த ஞாயிறண்டு சாப்பாட்டு மேசையிலை, பனி கரைஞ்சாப்பிறகு உன்ரை சீல் எங்கையெங்கை இரை தேடும் எண்டு நீ கீறித் தந்த படம். சீல் போற இடத்திலைதானே பிள்ளை மீன் நிக்கும்.