ஒன்பது பேருக்கும் ஒரே ஐஸ் பெட்டி

பிலாங்: பிள்ளைங்க யாரும் இல்ல மேம். அதான் சொன்னேனே.

செலி: எப்ப வருவாங்க?

பிலாங்: தண்ணி ஏறினா வருவாங்க. இப்ப வத்திக் கிடக்குல்ல, எல்லாம் கயித்துல கடல்பாசி கட்டப் போயிருக்குதுங்க. அந்தப் பக்கம் உக்காராதீங்க, நாய் படுக்கற இடம். பாவாடை வேற நனைஞ்சிருக்கு... காப்பி கலக்கட்டுமா?

செலி: காப்பி வேணாம் மனாங். பேசணும்னு வந்தேன்.

பிலாங்: மனாங்னு அக்கா முறை சொல்லிக் கூப்பிடறீங்க, குடிச்சுக்கிட்டே பேசினா வாய் வலிக்குமா? டவுன்லேருந்து அந்தப் படகுல ஆடிக்கிட்டு வந்திருக்கீங்க. வாரநாள்ல டீச்சர் ஒருத்தங்க இந்தத் தீவுக்கு வந்தா ஒண்ணு தேர்தலா இருக்கணும், இல்ல சாவா இருக்கணும்.

செலி: ரெண்டும் இல்ல. டெஸ்ட்.

பிலாங்: எந்த டெஸ்ட்?

செலி: எந்த டெஸ்ட்டா? உங்க கடை வைஃபை மிஷின்ல காசு போட்டு ஒன்பது பிள்ளைங்க எழுதினாங்களே, அந்த டெஸ்ட்.

பிலாங்: ஓ... அதுவா. எல்லாருக்கும் நல்ல மார்க்காமே.

செலி: யார் சொன்னா?

பிலாங்: ஊர்ல பேசிக்கிட்டாங்க.

செலி: மார்க்கை இன்னும் நான் ஊர்ல யாருக்கும் காட்டவே இல்லையே.

பிலாங்: ...சர்க்கரை தூக்கலா போடட்டுமா?

செலி: போடுங்க. தூக்கலாவே போடுங்க. மனாங், என்னை ஒரு நிமிஷம் பாருங்க. இந்த ஆன்லைன் பாடம் எனக்கு எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?

பிலாங்: நீங்க படிச்சவங்க. எழுதியிருப்பீங்க.

செலி: படிச்சவளா? இருபது வருஷமா சாக்பீஸ் பிடிச்ச கை. ஆன்லைன் பாடம் தயாரிக்கற பயிற்சின்னு சேர்ந்தேன். முதல்ல நாப்பது நிமிஷம் நின்னு பேசி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். சொல்லிக் குடுக்கற அம்மா, 'இதை உங்க போன்லயே நீங்களே ஒருதடவை முழுசாப் பாருங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

பிலாங்: பார்த்தீங்களா?

செலி: பாதியில தூங்கிட்டேன்.

பிலாங்: ஐயையோ மேம்...

செலி: சிரிங்க, சிரிங்க. அப்புறம் அதைத் துண்டு துண்டா வெட்டினேன். அப்பவும் திருப்பி அனுப்பினாங்க. டெஸ்ட்டை 'சரியான விடைக்கு டிக் போடு'ன்னு வச்சிருந்தேன். 'இதுல யாரு நல்லா ஊகிக்கிறான்னுதான் தெரியும், யாரு புரிஞ்சுக்கிட்டான்னு தெரியாது'ன்னாங்க. அழுதேன். என் வீட்டுக்காரரு, 'விட்டுடேன், இந்த வயசுல எதுக்கு'ன்னாரு. விடல.

பிலாங்: விடுற ஆளா நீங்க? அதான் மூஞ்சியிலயே எழுதியிருக்கே.

செலி: மூணாவது தடவை ஒரே ஒரு கேள்வி வச்சேன். 'காத்துல இருக்கற ஈரம் தண்ணியா மாறுற இடம் ஒண்ணை உன் வீட்டுல தேடு. ஏன் அங்க மாறுதுன்னு எழுது.' அவ்வளவுதான்.

பிலாங்: நல்ல கேள்வி.

செலி: நல்ல கேள்வியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

பிலாங்: இல்ல... இப்ப நீங்க சொன்னதுல... காப்பி ஆறுது மேம்.

செலி: அடுத்த மாசம் மணிலா கல்வி ஆபீஸ்லேருந்து பார்க்க வராங்க. பிள்ளைங்க நிஜமாவே கத்துக்கிட்டாங்கன்னு நான் காட்டிட்டா, பத்தாவது வரைக்கும் இங்கயே படிக்கலாம். ஹபகாத் மழைக்காத்து அடிக்கற மாசத்துல ஒரு பிள்ளையும் படகு ஏற வேணாம். காட்டலைன்னா...

பிலாங்: அந்தப் பேச்சு வேணாம். போன வருஷம் படகு கவுந்தப்ப இந்தக் கையாலதான் ரெண்டு பேரை முடியைப் பிடிச்சு இழுத்தேன். உசுரு தப்பிச்சுது, பையெல்லாம் கடலோட போச்சு. அதுக்கப்புறம் பாதி வீட்டுல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பல.

செலி: அதுக்காகத்தான் இந்தப் பாடத்தையே எடுத்தேன். சரி, இப்ப கேளுங்க. ஒன்பது பேர் எழுதினதையும் போன்ல வச்சிருக்கேன். முதல்ல ரெனாட்டோ. 'மத்தியானம் ஐஸ் பெட்டியோட வெளிப்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கு.' அழகா எழுதியிருக்கான், இல்ல?

பிலாங்: ஆமா... முத்து முத்தா.

செலி: அடுத்தது டிவினா. 'எங்க ஐஸ் பெட்டி மத்தியானத்துல வேர்க்குது.' அப்புறம் அந்தக் குட்டையா இருப்பானே, எல்மோ. 'ஐஸ் பெட்டிக்கு வெளியே...' இன்னும் படிக்கவா?

பிலாங்: பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து எழுதியிருக்கும்.

செலி: இந்தத் தீவுல மொத்தம் எத்தனை ஐஸ் பெட்டி இருக்கு மனாங்?

பிலாங்: ...ஒண்ணு.

செலி: அது எங்க இருக்கு?

பிலாங்: எங்கன்னா... அது...

செலி: அதுமேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க.

பிலாங்: என் கடைக்குத்தானே எல்லாப் பிள்ளைங்களும் வருது! வரப்ப பார்த்திருக்கும். அதுல என்ன குத்தம்?

செலி: சரி, பார்த்திருக்கும். ஆனா பாதி மார்க் குறைக்கலாம்னு இருக்கேன்.

பிலாங்: எதுக்கு?

செலி: பழைய பெட்டி. உள்ள ஐஸ் உருகி ஓட்டை வழியாக் கசிஞ்சிருக்கும். அதைப் போயி காத்து ஈரம்னு எழுதினா...

பிலாங்: கசியல!

செலி: உங்களுக்கு எப்படி...

பிலாங்: கசியல மேம். நானும் அப்படித்தான் நினைச்சேன். உள்ள சிவப்புச் சர்பத் பொடியைக் கரைச்சு ஊத்தி வச்சேன். மத்தியானம் வரைக்கும் காவல் இருந்தேன். வெளிய வேர்த்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தா இனிப்பும் இல்ல, சிவப்பும் இல்ல, வெறும் தண்ணி. உள்ளேருந்து வந்திருந்தா சிவப்பா வரணும்ல? காத்துல இருக்கறதுதான் பெட்டி சில்லுனு இருக்கறதால அதுமேல வந்து...

செலி: வந்து?

பிலாங்: ...பிள்ளைங்க பார்த்துச் சொன்னாங்க.

செலி: இப்ப 'நக்கிப் பார்த்தேன்'னீங்க.

பிலாங்: வாய் தவறிடுச்சு.

செலி: சரி. அப்ப ஒன்பது பேருக்கும் பூஜ்யம் போட்டுட வேண்டியதுதான். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினா வேற வழி இல்ல. படகு நிக்குதா? நான் கிளம்பறேன்.

பிலாங்: இருங்க... உக்காருங்க மேம். பிள்ளைங்களை ஒண்ணும் பண்ணாதீங்க. நான்தான் எழுதினேன். போதுமா? ஒன்பது பேருக்கும் நான்தான்.

செலி: ஏன் மனாங்?

பிலாங்: ஏன்னா நீங்க ஆறு மணிக்குப் பூட்டிடறீங்க!

செலி: எதைப் பூட்டறேன்?

பிலாங்: டெஸ்ட்டை. ஆறு மணி அடிச்சா உங்க டெஸ்ட் கதவைச் சாத்திடுது. கடல் உங்க ஆறு மணியைப் பார்த்தா ஏறி இறங்குது? அந்த வாரம் பூரா சாயங்காலம்தான் தண்ணி வத்துச்சு. பிள்ளைங்க இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு கயிறு கட்டிக்கிட்டு நிக்குதுங்க. ரெனாட்டோ ஓடி வந்தான். ஆறு தாண்டி கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். காசு போட்டான், திறந்தான், 'நேரம் முடிந்தது'ன்னு வந்துச்சு. இந்தா, நீங்க உக்காந்திருக்கற அதே இடத்துல உக்காந்து அழுதான். பதினஞ்சு வயசுப் பையன் மேம். அவனோட பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினேன். அப்புறம் எல்லாரோடதையும் வாங்கிட்டேன். அடுத்த நாள் கதவு திறந்ததும் நானே உக்காந்து எழுதினேன்.

செலி: எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பிலாங்: எங்க சொல்றது? உங்க பாடத்துல சொல்றதுக்கு இடம் எங்க இருக்கு? கடைசியில அஞ்சு நட்சத்திரம் இருந்துச்சு. அஞ்சையும் குத்தினேன்.

செலி: ஒன்பது பேருக்கும்?

பிலாங்: ஒன்பது பேருக்கும். மனசாரத்தான் குத்தினேன்.

செலி: ...நானும் நாப்பத்தஞ்சு நட்சத்திரம் வந்திருக்குன்னு அந்தப் பயிற்சி அம்மாகிட்ட பீத்திக்கிட்டேன்.

பிலாங்: மேம்... கோவமா?

செலி: கோவம்தான். உங்க மேல பாதி. அந்த ஆறு மணியை வச்சவ மேல பாதி. யாருக்காக எழுதறேன்னு தெரியும், அவங்க எந்த நேரத்துல எங்க நிப்பாங்கன்னு கேக்கவே இல்ல நான். சரி, ஒண்ணு சொல்லுங்க. டெஸ்ட் எழுதணும்னா பாடம் பார்த்திருக்கணுமே?

பிலாங்: பார்த்தேன். ரெனாட்டோ பேர்ல பார்த்தேன். அப்புறம் டிவினா பேர்ல.

செலி: ஒரு தடவை பார்த்தா போதுமே. எதுக்கு ஒவ்வொரு பேர்லயும்?

பிலாங்: அஞ்சாவது தடவைதான் புரிஞ்சுது.

செலி: அதுக்கப்புறம் நாலு தடவை?

பிலாங்: அது... புரிஞ்சப்புறம் பார்க்கறது நல்லா இருந்துச்சு. நான் ஆறாவதோட நின்னவ மேம். அதுக்கு மேல என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னு பார்த்ததே இல்ல. நீங்க ஒரு இடத்துல 'இப்ப நிறுத்திட்டு நீயே யோசி'ன்னு சொல்றீங்கல்ல? நிறுத்திட்டு யோசிச்சேன். கடைக்கு வந்தவன் சோப்பு கேட்டு நின்னுக்கிட்டே இருந்தான்.

செலி: பேரைக் குடுங்க.

பிலாங்: எந்தப் பேரை?

செலி: உங்க முழுப் பேரை. பத்தாவது ஆளா உங்களைச் சேர்க்கறேன். பெரியவங்களும் சேரலாம், விதியில இருக்கு.

பிலாங்: விளையாடாதீங்க மேம். டிவினாகூட உக்காந்து நான் படிக்கறதா? ஊரே கடைமுன்னாடி வந்து நின்னு சிரிக்கும்.

செலி: சிரிக்கட்டும், சோப்பு வாங்கிட்டுச் சிரிக்கட்டும். பேரு?

பிலாங்: ...தியோஃபிலா அபெயான். 'ஃபி' சரியா எழுதுங்க, சும்மா 'பி' போட்டுடாதீங்க.

செலி: போடல. இப்ப கேளுங்க, இன்னிக்கே மாத்தறேன். நேரப் பூட்டு கிடையாது. ஒரு வாரம் பூரா திறந்தே இருக்கும், தண்ணி எப்ப ஏறினாலும் சரி. பாடத்தைக் கடையிலயே இறக்கிக்கிட்டுப் போயிடலாம், அப்புறம் சிக்னல் வேணாம்.

பிலாங்: படம் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லது. மழை நாள்ல மிஷின் மூச்சு வாங்குது.

செலி: குறைக்கறேன். எது நடக்கலைன்னு எனக்குச் சொல்ல ஒரு இடம் வைக்கறேன், நட்சத்திரம் இல்லாம. டெஸ்ட்ல பழைய விடையை எல்லாம் அழிச்சுடறேன். மறுபடி அதே கேள்விதான், ஆனா எழுத வேணாம். அவங்கவங்க கண்டதை அவங்கவங்க குரல்ல பேசி அனுப்பணும்.

பிலாங்: குரல்லயா? அப்ப நான் மாட்டிக்குவேனே.

செலி: அதுக்குத்தானே.

பிலாங்: எல்மோ மாதிரி பேச வரும் எனக்கு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டா...

செலி: மனாங்!

பிலாங்: சும்மா சொன்னேன் மேம். ஆனா அந்த மணிலாக்காரங்க வரதுக்குள்ள... மார்க் எல்லாம் குறைஞ்சு போயிடுமே. பத்துக்குப் பத்து காட்டினா உங்க பாடம் ஜெயிச்சுடும். அப்படியே விட்டா யாருக்குத் தெரியப் போகுது?

செலி: எனக்குத் தெரியும். அதோட, முன்னாடி வந்த மார்க் பொய், திரும்ப நடத்தப் போறேன்னு நேத்தே அவங்களுக்குச் சொல்லிட்டேன். தோத்தா இன்னொரு தடவை எழுதுவேன். மூணு தடவை எழுதினவளுக்கு நாலாவது என்ன கஷ்டம்? அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒன்பது குரல் எனக்கு வேணும்.

பிலாங்: ஒன்பதா...

செலி: ஒன்பது. உங்களோடது தனி.

பிலாங்: மேம், எட்டு... எட்டு வந்தா போதாதா?

செலி: ஏன் எட்டு?

பிலாங்: சும்மா கேட்டேன். ஒருத்தருக்கு சளி பிடிச்சிருந்தா, தொண்டை கட்டியிருந்தா...

செலி: யாருக்குத் தொண்டை கட்டியிருக்கு? உங்க மக ரிசெலுக்கா? வந்ததுலேருந்து அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே நீங்க. அவளும் பாசிக்குத்தான் போயிருக்காளா?

பிலாங்: ஆமா... பாசிக்குத்தான்.

செலி: மனாங்.

பிலாங்: ...இல்ல. அவ இங்க இல்ல மேம். புயல்ல எங்க பாசிக் கயிறு பூரா அறுத்துக்கிட்டுப் போயிடுச்சுல்ல, அதுக்கப்புறம் செபு நகரத்துல ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கப் போயிட்டா. போகாதேன்னேன். போறப்ப திரும்பிக்கூட பார்க்கல, பார்த்தா அழுதுடுவான்னு எனக்குத் தெரியும். அவ படிப்பு நின்னுபோச்சுன்னு உங்ககிட்ட சொன்னா பேரை அடிச்சுடுவீங்க. நாளைக்கு அவ திரும்பி வந்தா உக்கார இடம் வேணாமா? மத்தவங்களுக்கு எழுதினது அந்த ஆறு மணியாலதான். அவளுக்கு எழுதினது இடம் பிடிச்சு வைக்க. அவ படிக்கலையேங்கற வருத்தம்தான் மேம், வேற ஒண்ணும் இல்ல. இப்ப அவ குரலுக்கு நான் எங்க போவேன்?

செலி: எங்கயும் போக வேணாம் மனாங். அவ செபுல இருக்கறது எனக்குத் தெரியும், போன வாரம் அவளே எனக்கு மெசேஜ் எழுதினா. அந்த வீட்டுக் குழந்தை தூங்கற நேரத்துல உங்களுக்குத் தெரியாம என் பாடத்தை ஒண்ணுவிடாமப் பார்த்திருக்கா. டெஸ்ட்டைத் திறந்தா அவ பேர்ல யாரோ ஏற்கனவே எழுதி முடிச்சிருக்காங்க. 'அந்த விடை என்னோடது இல்ல, எடுத்துடுங்க மேம், நானே எழுதறேன். அம்மாவைத் திட்டாதீங்க'ன்னு கேட்டா. அதைப் படிச்சப்புறம்தான் மத்த எட்டையும் உக்காந்து படிச்சேன். அப்புறம் அவளே விடை அனுப்பினா, குழந்தை தூங்கற ஏசி ரூம் ஜன்னலைப் பத்தி எழுதியிருக்கா. துணி காயப்போட வெளிய போறப்பல்லாம் கண்ணாடி வேர்த்திருக்காம். கண்டது சரி, காரணம்தான் பாதி தப்பு. நீங்க எழுதி வாங்கின பத்து மார்க்கை எடுத்துட்டு, அவளே வாங்கின ஆறைப் போட்டுட்டேன்.