கழற்றச் சொன்ன படம்

— ...கழட்டச் சொன்னாக் கழட்டத்தான் வேணும்! என்ர வீடு, என்ர பிள்ளையள், உதை ஊருக்குக் காட்ட...

— மெல்லக் கதையுங்கோப்பா! கண்காட்சிக்கு வந்த சனம் முழுக்க எங்களைத்தான்...

— பாக்கட்டும்! அண்ணனை விட்டிட்டுப் படம் கீறினவளுக்கு வெக்கமில்லை. எனக்கென்ன?

— செல்வநாயகத்தாருக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு உங்களைத்தான் சொல்லப்போகுது சனம். பிள்ளை ஏணி கேட்டு அழுதுகொண்டு போறாள். முதன்முதலா அவளின்ர படம் ஒண்டைக் கிளிநொச்சியில, இவ்வளவு பெரிய மண்டபத்துச் சுவரில கொளுவியிருக்கினம். ஒழுங்காப் பாத்தீங்களே?

— பாத்தனான். பழைய ஸ்கந்தபுரத்து வீடு. நீ நிக்கிறாய். உன்ர இடுப்பில யதுர்ஷிகா, தன்னையே கைப்பிள்ளையாக் கீறியிருக்கிறாள். நான் நிக்கிறன். நாய் நிக்குது. தயாபரன் எங்கை? கடைசிச் சண்டையில காணாமல் போன பிள்ளையைப் படத்திலயும் காணாமல் ஆக்கிப்போட்டாள்!

— நீங்கள் படம் பாக்கேல்லை. ஆள் எண்ணினனீங்கள்.

— பிறகென்ன செய்யிறது படத்தை?

— வயல் குத்தகைக்கு எடுக்கப் போனா வரம்பைச் சுத்தி நடந்து, மண்ணைக் கையில எடுத்து உடைச்சுப் பாக்கிற மனுசன். மகள் கீறினதை மட்டும் வாசலில வரேக்கையே பாத்து முடிச்சிட்டீங்கள்.

— நீ எப்ப உதெல்லாம் படிச்சனீ?

— அவள் கீறேக்கை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொண்டுபோய்... இதென்ன, அதென்ன எண்டு கேட்டு ஏச்சு வாங்கினதுதான் படிப்பு. என்ன இல்லை எண்டு தேடாதேங்கோ அம்மா, முதல் என்ன இருக்கு எண்டு பாருங்கோ எண்டுவாள். இஞ்சாலை வாங்கோ. கிட்ட நிண்டா வெறும் நிறம்தான். இன்னும் பின்னுக்கு... ஐயோ, ஆற்றையோ காலை மிதிக்கிறியள்!

— குறை நினையாதேங்கோ தம்பி... சரி, இப்ப என்ன?

— என்ன தெரியுது?

— என்ர சாரம் தெரியுது. முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டினபடி... உந்தக் கோலத்திலயே தேப்பனைக் கீறுவாள்?

— வேறை என்ன கோலத்தில கண்டவள்? பிறகு?

— நீ சிரிக்கிறாய். பல்லெல்லாம் தெரிய. ம்... உப்பிடி நீ சிரிச்சு...

— என்னை விடுங்கோ. யது என்ன செய்யிறாள்?

— ரெண்டு கையையும் நீட்டுறாள். தூக்கச் சொல்லி.

— ஆரை?

— ஆரையோ... முன்னுக்கு. நானும் சிரிக்கிறன். எல்லாரும் முன்னுக்குத்தான் பாக்கிறம். நாயும்.

— வாலைப் பாருங்கோ.

— ஆட்டுது. உடம்பையும் சேத்து நெளிக்குது.

— பிறத்தியாரைக் கண்டா அப்பிடி நெளிக்குமே?

— குலைச்சு விரட்டும். உப்பிடி நெளியிறது...

— சொல்லுங்கோ.

— ...தயாவைக் கண்டாத்தான்.

— ம்.

— நிலத்தில உதென்ன, நீட்டுக்குக் கறுப்பா? கீழ இருந்து எங்கட காலடிக்கு வருது.

— நிழல்.

— சில்லு மாதிரி ரெண்டு... சைக்கிள். சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆள்... எடி ஈஸ்வரி! அவன் வாசல் படலையடியில நிக்கிறான். அவன் நிக்கிற இடத்தில நிண்டு கீறியிருக்கிறாள்!

— ஓம்.

— அப்ப நான் இப்ப நிக்கிற இடம்...

— ஓமப்பா. அவன்ர இடம்.

— பிள்ளையை இத்தனை பேருக்கு முன்னால ஏசிப்போட்டன்.

— ஏணியோட வாறாள், அங்கை பாருங்கோ. கண்ணைத் துடையுங்கோ. கழட்ட வேண்டாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்காள்.

— சொல்லுறன். அவளின்ர காலில விழுந்தெண்டாலும் சொல்லுறன்... ஆனா கண்காட்சி முடிய உந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகேலாது.

— ஏன்?

— அவன் வந்திட்டான் எண்டு நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன் அதில. எனக்கு அந்த நம்பிக்கை எப்பவோ விட்டுப்போச்சு, ஈஸ்வரி. உனக்குச் சொல்லேல்லை. செத்தவைக்கு வைக்கிற மாதிரி அவன்ர போட்டோவுக்கு முன்னால ஒரு விளக்கு வைப்பம் எண்டு எத்தனை தரம் வாய் வரைக்கும் வந்தது. நீ அவன் வருவான் எண்டு இருக்கிறாய்... அதுதான் பேசாமல் இருந்திட்டன்.

— நானோ? ...நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறியள் எண்டெல்லே நான் இவ்வளவு காலமும் விளக்கு வைக்காமல் இருந்தனான்.