ஸ்பேர் சாவி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர். ஷிப்ட் முடிந்து வருகிறார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"கதவு தெறந்திருந்தாலும், மூடிக்கினு இருக்குதுன்னுதான் என் மெஷின் நெனைக்கும்பா."

"எப்படி?"

"மெஷின் கதவ மூடினா அதுல இருக்கிற சாவி சுவிட்சுக்குள்ள போவும், அப்பத்தான் மெஷின் ஓடும். நான் சுவிட்சுல ஸ்பேர் சாவிய சொருகி வெச்சிருந்தேன், மெஷின் ஓடிக்கினு இருக்கச்சொல்லவே வெட்டி வுழுற இரும்புச் சுருள வாரி எடுக்கலாம்னு. ஷிப்ட் முடிஞ்சி வரச்சொல்ல எடுக்க மறந்துட்டேன்."

"இப்ப யாரு அதுல?"

"குமாரு. இன்னிக்குத்தான் மாத்தி விட்டிருக்காங்க. கதவத் தெறந்தா நின்னுடும்னு நம்பி கைய வுடுவான்."

"போன் பண்ணு."

"அவன் போன கேட்லயே வாங்கி வெச்சிருப்பாங்க. சூப்பர்வைசரு எடுக்க மாட்டேங்கிறாரு."

மறுபடி போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவர் சமாதானம் சொன்னார்.

"மெஷின் ஆடுற ஆட்டத்துல சாவி தானா வுழுந்துடும்பா. வுழுந்தா மெஷினும் நின்னுடும்ல."

"வுழாது. வீட்டுத் தறியிலேர்ந்து பட்டு நூல் எடுத்துக்கினு போய் கட்டியிருக்கேன். அப்பா போடுற முடிச்சி. அது அவுராது."