மணிக்குப் பதில் மஞ்சள் வரி

அன்று மாலை குளிர்கிடங்கில் இருந்தவர்கள்: கெங்கம்மா அக்கா, லாரி ஓட்டும் ராமதாஸ், நான். லேப்டாப் திரையில் இஷ்ரத் மேடம். அவரையும் சேர்க்க வேண்டுமா என்று தெரியவில்லை, சார். அவர் பெங்களூரில் இருந்தார்.

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை. எங்கள் கிடங்கில் இதைவிடத் தண்ணீராக இருக்கும்.

நான் தீபன், திருவொற்றியூர். இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். கல்மண்டபத்துப் பக்கம் இறால் கிடங்கில் இரவு ஷிஃப்ட். கம்ப்யூட்டரில் குளிர் குறைகிறதா என்று பார்ப்பதும், இறாலை உறைய வைக்கும் உறை அறையைப் பூட்டித் திறப்பதும்தான் வேலை. மற்ற நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மாவில், புரோகிராம் எழுதப் பைத்தான் படித்தேன். வீடியோ பார்த்து, எழுதி, தப்பு வந்து, மறுபடி எழுதி. ஆர்வத்தால் படித்தேன் என்று சொன்னால் பொய். அந்த நாற்காலியிலேயே கிழவனாகிவிடுவேன் என்ற பயம்தான்.

கெங்கம்மா அக்கா உறை அறையில் இறால் பெட்டிகளை அடுக்குபவர். போகும்போதும் வரும்போதும் என் மேசையை எட்டிப் பார்ப்பார்.

"இன்னா நைனா, எப்பப் பாரு அந்தப் பொட்டியாண்ட மல்லுக்கட்டிகினு கீற. அது எதுனா பதில் சொல்லுதா?"

"சொல்லும்க்கா. தப்புன்னு மட்டும் சொல்லும்."

"அப்போ எங்க வூட்டுக்காரருதான் அது."

உறை அறைக்குள் ஒரு பொத்தான் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்த வேண்டியது. அழுத்தினால் என் அறையில் மணி அடிக்கும். ஆனால் எங்கள் கிடங்கில் ஆபத்துக்கென்று அதை யாரும் அழுத்தியதில்லை. டீ வந்ததா என்று கேட்க அழுத்துவார்கள். லாரி வந்ததா என்று கேட்க அழுத்துவார்கள். அக்காதான் அதிகம். நான் ஓடிப்போய் நின்றால், "சும்மாதான் நைனா, தூங்கிட்டியான்னு பாத்தேன்" என்று சிரிப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால், பாதி எழுதியது மனதை விட்டுப் போயிருக்கும்.

அந்த மணி கம்ப்யூட்டர் வழியாகத்தான் அடித்தது. அதனால் ஒரு புரோகிராம் எழுதினேன். நானாக எழுதிய முதல் உருப்படியான புரோகிராம். பொத்தானை அழுத்தினால் சத்தம் வராது. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் வரி மட்டும் வரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உறை அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுகாலம். அதனால் உள்ளே போகிறவர்கள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போவார்கள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிடுவார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, பூட்டக்கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது.

அன்று மாலை எனக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ, பெங்களூர் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்கு. ராமதாஸ் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பினார். "மாமு, ஏசி ரூம்ல போய் குந்திகினா எங்கள மறந்துடாத" என்றார். கதவு ஒருக்களித்திருந்ததால் கம்ப்ரசர் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. வீட்டுக்குப் போயிருப்பார் என்று பூட்டினேன். முதல் நாள் உங்களிடம் இப்படித்தான் சொன்னேன்.

இஷ்ரத் மேடம் மரியாதையாகப் பேசினார். "நீங்களே எழுதி, தினமும் பயன்படுற மாதிரி ஏதாவது இருக்கா தீபன்?" என்று கேட்டார். லேப்டாப்பைக் கிடங்குக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி மணி புரோகிராமைக் காட்டினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே மூலையில் ஒரு மஞ்சள் வரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"இப்பவே ஓடுதா? நல்லா இருக்கே. யாரு அழுத்துறாங்க?"

"டெஸ்டிங், மேடம்" என்றேன்.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பிறகு விட்டு விட்டு வந்தன. மேடம் ஒரு தேர்வை அனுப்பி, இன்றைக்கே முடித்துத் தரச் சொன்னார். அதை எழுதிக்கொண்டிருந்தபோது வரிகள் நின்றன. எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

காலையில் ராமதாஸ் வந்து என்னிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தார். அக்கா பொத்தானுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கையுறை இல்லை. அழுத்துவதற்காகக் கழற்றியிருப்பார்.

செருப்பு எப்படிப் பிளாஸ்டிக் கூடைகளுக்குப் பின்னால் போனது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் சத்தம் என் அறை வரை அவ்வளவாகக் கேட்காது. அக்கா எட்டிப் பார்ப்பார் என்பதுதான் என் பயம். கேமராவுக்குள் தலையை நீட்டி, "இன்னா நைனா, யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்பார். அந்தப் பேச்சு அந்த மேடத்தின் காதில் விழுந்தால் நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துவிடும்.

வாசலில் நின்று கூப்பிட்டேன் என்றேனே, அதற்குப் பதில் வந்தது.

"தோ நைனா, ரெண்டே பொட்டிதான். வந்துட்டேன்."

பேசி முடிக்கிறவரைக்கும்தானே என்று நினைத்தேன். வேறு யாராவது பார்த்துத் திறந்துவிடக்கூடாது என்று அவர் செருப்பைக் காலால் கூடைகளுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் உள்ளே முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். கதவைச் சாத்திப் பூட்டினேன்.