இடது பின்சக்கரம்

இரவு ஒன்றே கால் மணி. கல்குவாரிக்குப் போகிற பழைய சாலை. குவாரியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டதால் அந்தப் பக்கம் பகலிலேயே ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு வளைவு. வளைவைத் தாண்டி நூறடியில் ஒரு சிவப்புக் கார். உள்ளே ஒரே ஒருவன்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

நம் பட்டறை டிங்கர் இருக்கிறாரே, அவருடைய சகலைதான் அந்த ஆள். கார் எலக்ட்ரீஷியன். வேலையில் கெட்டி. கோபம் மட்டும் மூக்குக்கு மேல். அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் 'முசுடு'தான்.

அன்றைக்கு அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அவனுடைய அக்காள் கணவர் பழைய கார் வாங்கி விற்பவர். விடிந்தால் ஆறு மணிக்கு அந்த வண்டியை ஒரு நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். கைக்குழந்தைக்காரி. தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவள். வண்டியின் மீட்டரில் இரண்டு மஞ்சள் விளக்குகள் அணையாமல் எரிந்தன. ஒன்று ஏபிஎஸ். அவசரத்தில் மிதிக்கும்போது சக்கரம் இறுகிப்போகாமல் காப்பது. மற்றது, சறுக்குகிற கார் படம் போட்டது. வளைவில் வண்டியைப் பாதையோடு பிடித்து வைப்பது. விளக்கு எரிந்தால் இரண்டு காவலும் இல்லை என்று அர்த்தம்.

"விளக்குதானே மாப்ளே எரியுது? வீடா எரியுது? அணைச்சுக் குடு" என்றார் அக்காள் கணவர்.

"அணைக்கிறதுக்கு நான் எதுக்கு மாமா? ஒரு துண்டு கறுப்பு டேப் போதும். ஏன் எரியுதுன்னு பாக்கத்தான் நான்."

"பெரிய டாக்டரு... ஆறு மணி. அதை மட்டும் மறந்துடாத."

முசுடு ஸ்கேனரைச் செருகினான். இடது பின்சக்கரத்தின் வேக சென்சாரில் கோளாறு என்றது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்கிற சின்னப் பொருள் அது. புதிது மாட்டினான். விளக்கு அணையவில்லை. ஒயரை முனைக்கு முனை சோதித்தான். சரி. பேரிங்கை ஆட்டிப் பார்த்தான். அதுவும் சரி. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழித்துவிட்டு, ஓட்டியே பார்த்துவிடுவோம் என்று இந்தச் சாலைக்கு வந்தான்.

ஸ்கேனர் திரையில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள். நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது. மஞ்சள் விளக்குகள் அணைந்தே இருந்தன. வளைவு வந்தது...

ட்ர்ர்ர்ர்ர்.

முன்பக்கத்தில் பிரேக் பம்பு அலறியது. அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. இரண்டு விளக்கும் எரிந்தன. தாண்டி வந்து நிறுத்தினான். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தான்.

பூச்சியம். பூச்சியம். பூச்சியம். முப்பத்தொன்று.

"சனியனே" என்று திட்டிக்கொண்டே டார்ச்சோடு இறங்கினான். முப்பத்தொன்று காட்டிய இடது பின்சக்கரம் அசையவில்லை. கையை வைத்தான். சில்லென்றிருந்தது. ஆனால் கருகிய ரப்பர் நாற்றம்... அதோடு கசங்கிய புல்லின் பச்சை வாடை. சுற்றிலும் புல்லே இல்லை. வெறும் கல்.

மறுபடி வந்து உட்கார்ந்தான். இருபத்தெட்டு. இருபத்தேழு. அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொடுகிற சக்கரம் இப்படி நிற்காது. அந்தரத்தில் சுற்றுகிற சக்கரம்தான் இப்படி நிற்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டி... இல்லையென்றால், கவிழ்ந்து கிடக்கிற வண்டி.

போனை எடுத்தான்.

"மாமா, இது கவுந்த வண்டியா?"

அந்தப் பக்கம் தூக்கம் கலைகிற சத்தம்.

"யாருடா சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"லேசா உரசினதுடா. அங்கேயே இரு, வர்றேன்."

அவர் வருவதற்குள் முசுடு மீட்டரைக் கழற்றிவிட்டான். பின்னால் மஞ்சள் விளக்குகளின் ஒயர்களில் ஒரு பழைய ஒட்டு, பிய்ந்து தொங்கியது. அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து அணையும். பல்பைக் கழற்றிவிட்டால் வாங்க வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் அந்த ஒயர்களைக் கொண்டுபோய் மீட்டரில் இருக்கிற ஆயில் எச்சரிக்கை விளக்கோடு ஒட்டிவிடுவார்கள். அதோடு சேர்ந்து எரியும், இன்ஜின் கிளம்பியதும் அதோடு சேர்ந்து அணையும். கோளாறு அப்படியே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒட்டின் மேல் டேப். டேப்பின் மேல் தையல் நூல் சுற்றி முடிச்சு.

அப்படி நூல் கட்டுகிற பழக்கம் அந்தத் தொழிலில் ஒரே ஒருவனுக்குத்தான். அவனுக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது வண்டி வெள்ளை நிறம்; கவிழ்ந்ததை மறைக்கத்தான் இந்தச் சிவப்பு. 'ஒரு வாரம்தான் மாப்ளே, அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்றார் மாமா. ஒட்டினான், கூலி வாங்கினான், மறந்துபோனான். இவ்வளவு நேரம் மாமாவைத் திட்டியது தன்னையும் சேர்த்துத்தான் என்று இப்போது புரிந்தது.

பைக் வந்து நின்றது.

"கவுந்தப்போ உள்ள எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டான்.

"எதுக்கு இப்போ அதெல்லாம்?"

"எத்தனை பேரு?"

"புருஷன், பொண்டாட்டி, ஒரு பிள்ளை. இதே வளைவு. மழை நாள்டா. மழைக்கு நான் பொறுப்பா?"

"மழைக்கு நீ பொறுப்பில்ல. விளக்குக்கு நீயும் நானும் பொறுப்பு."

மாமாவை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கியது.

"வண்டி போகாது" என்றான். "ஆறு மணிக்கு அந்தம்மா வாசல்ல நான் நிப்பேன். எல்லாத்தையும் சொல்லுவேன்."

"நீ நடந்து வந்து சேர்றதுக்குள்ள சாவி அவ கையில இருக்கும்." அவனைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். ஒயரைப் பல்லால் கடித்து உரித்தார், ஆயில் விளக்கின் ஒயரோடு முறுக்கினார். இவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. மீட்டரைச் செருகி, பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார் சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் எரிந்தன. இன்ஜின் கிளம்பியதும் எல்லாம் அணைந்தன.

"பாத்தியா? சுத்தம்!"

கதவைப் பிடித்தபடியே முசுடு ஓடினான். "மாமா, வேணாம்! அக்காவை நெனைச்சுப் பாரு, எறங்கு!" கை வழுக்கியது. சாலையில் விழுந்தான். வண்டியை ஒரே வெட்டில் திருப்பி, வந்த வழியே வளைவைப் பார்த்து விரட்டினார் அவர்.

வளைவுக்கு முன்னால் பின்பக்கத்து பிரேக் விளக்குகள் இரண்டும் பளிச்சென்று சிவந்தன. அப்பாடா... மிதித்துவிட்டார் என்று முசுடு மூச்சு விட்டான்.

சிவப்பு அணையவில்லை. எரிந்துகொண்டே போனது.

வண்டியின் வேகம் மட்டும் குறையவில்லை.