கம்பம் இறங்கவில்லை என்று கண்டறிந்த அம்மையாருக்கு

அலையின் ஏற்றமும் இறக்கமும் அறிந்த அம்மையீர்! அரைவிரற்கடை அளவிலும் வழுவாத அன்புடையீர்! முப்பத்து நான்கு ஆண்டுகள் இத்துறைமுக அளவீட்டு நிலையத்தில் அரும்பணியாற்றி இன்று ஓய்வுபெறும் பெருந்தகையீர்! வணக்கம்.

பாராட்டுமுன் எங்கள் பிழையொன்றை ஒப்புக்கொள்ளல் முறை. தாங்கள் தலைமையேற்பதற்கு முன், கடல்மட்டக் கம்பம் காட்டிய எண் ஆண்டுதோறும் உயரக் கண்டு, சேற்றில் கம்பந்தான் இறங்குகிறது, கடலாவது ஏறுவதாவது என்று நாங்களே முடிவுகட்டினோம். ஒன்பது ஆண்டுகள் அவ்வுயர்வைக் கழித்தே எழுதிவந்தோம். தாங்களோ குன்றின் அசையாப் பாறையில் வெட்டிய உயரக்குறியிலிருந்து வெயிலில் மட்டம் பிடித்துவந்து, கம்பம் மயிரிழையும் அசையாமையைக் காட்டினீர்கள். கடிந்துகொள்ளவில்லை. "கழிச்சதைத் திரும்பக் கூட்டிடலாம், உக்காருங்க" என்றீர்கள். ஒன்பது ஆண்டுக் குறிப்பேடுகளையும் தாங்கள் படிக்க, நாங்கள் எழுதினோம்.

கடல் ஏன் ஏறுகிறது என்று வினவினோம். உணவு இடைவேளையில், விளிம்புவரை நிரம்பிய குவளையில் மிதந்த பனிக்கட்டி கரைந்தும் நீர் வழியாததைக் காட்டினீர்கள். அதன்மேல் கரண்டியில் ஏந்திய கட்டி உருகிச் சொட்டியதும் மேசை நனைந்தது. துருவத்தில் தரைமேற் கிடக்கும் பெரும்பனிப் பாளங்கள் நிலைகுலைந்து கடலுள் நழுவுவதன் பொருளை அன்றே உணர்ந்தோம். அன்று நனைந்த வருகைப்பதிவேடு இன்றும் அலையலையாகவே இருக்கிறது.

திருத்திய எண்களைக்கொண்டு, குடியிருக்கலாகாத கரைக்குத் தாங்கள் எல்லைக்கோடு வரைந்தபோது, தங்கள் தங்கையாரின் வீடே அதனுள் முதலாவதாக அகப்பட்டது. ஒரு வீட்டளவு கோடு வளைந்தால் யாரறிவார் என்று நாங்களே தூண்டினோம். தங்கையாரும் நேரில் வந்தார்.

"உன் கோடு என் வாசலுக்கு முன்னாலயே நின்னா கொறஞ்சா போயிடும், அக்கா?"

"கோடு என்னுதா இருந்தா உனக்கே கொடுத்திருப்பேன்டி. அது கடலோடது."

அவர் சென்றபின் தாங்கள் வரைபலகையைவிட்டு நெடுநேரம் நிமிரவில்லை.

அவர் மேட்டுத்தெருவிற்குக் குடிபெயர்ந்தார். ஈராண்டு தங்களோடு பேசவில்லை. மூன்றாம் ஆண்டு பொங்கிய கடல், ஆளற்ற அவ்வீட்டின் சன்னல் உயரம் நின்று வடிந்தது. மறுநாள் மாலை தங்கையார் நிலையத்திற்கு வந்து, தங்கள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். தாங்கள் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் மறந்து பின்னே சென்றீர்கள்.

இவ்விழா முடிந்து தாங்கள் செல்லவிருப்பது, அவர் தம் இல்லத்தில் தங்களுக்கென ஒதுக்கிய அறைக்கே என்றறிந்து உவக்கிறோம். கண்ணொளியும் கால்வலிவும் குன்றாது வாழ்க! பேசாதுவிட்ட ஈராண்டின் பேச்சையும் உடன்பிறந்தீர் இருவரும் பேசித் தீர்த்து, அதன்பின்னும் எஞ்சுமளவு தங்கள் வாழ்நாள் நீள்வதாக!

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
துறைமுக அளவீட்டு நிலையப் பணியாளர்கள்