நாற்பது போட்டு தாண்டி ஒரு சேதி

நாலாவதோட படிப்பை நிறுத்தி, ஒத்தை போனில் ஆறு லாரியை மேய்க்கிறவன் நான். எனக்கே புதுசா இருந்தது, மலேசியாவின் மெர்சிங் படகுத்துறை டீக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற போட்டுக்காரரும் மனைவியும் பேசினது.

"ஏங்க, நான் 'சாப்ட்டீங்களா'ன்னு கேட்டா நாற்பது போட்டுக்கும் போகுதாமே?"

"ஆமா லா. நடுக்கடல்ல போன் லைன் ஏது? ஒரு போட்டு ரேடியோ அடுத்ததுக்குக் கைமாத்துது. நீ நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்பினா, எல்லாம் அதையே திருப்பிச் சொல்லும். எவனாவது ஆபத்துன்னு கூப்பிட்டா, வழி அடைச்சு அவன் சேதி போகாது."

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு அனுப்புறேன். நடுவுல போட்டு இல்லாட்டி அதுவும் வராது."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி அந்தம்மா சொன்னது:

"அப்ப நடுவுல ஓடுறவங்களுக்கும் சேர்த்தே சாமி கும்பிடுறேன்."